பத்தொன்பதாவது விதியின் தம்பி

"இது குளியலறையா, அணைக்கட்டா?" என்று கேட்டார் கச்சாஞ்சா.

"வாரத்துல ரெண்டு நாள் தண்ணி வர்ற ஊர்ல ரெண்டும் ஒண்ணுதான் வீட்டுக்காரரே" என்றாள் கெருபோ.

ஆள் உயர நீல டிரம்கள் சுவரோரமாக வரிசை கட்டி நின்றன. குளிக்கிறவர் நிற்பதற்கு நடுவில் ஒரு பலகை அளவு இடம் இருந்தது. நைரோபியில் குழாய்த் தண்ணீர் தூரத்து உறவினர் மாதிரி. வருகிறேன் என்ற நாளில் வராது, வந்தால் நேரங்கெட்ட நேரத்தில் வரும். ஆகவே வரும்போது பிடித்து வைப்பது கெருபோவின் கொள்கை.

கச்சாஞ்சா கோட்டுப் பையிலிருந்து வாடகை ஒப்பந்தத்தை எடுத்து உதறினார். அவர் பைபிளை எடுக்கும்போது கூட இவ்வளவு பக்தி முகத்தில் தெரியாது. இத்தனைக்கும் அவர் சபை மூப்பர்.

"விதி பத்தொன்பது. குடியிருப்பவர் கட்டடத்தின் தளம், தூண், உத்திரம் ஆகியவற்றின் மீது அவை தாங்கத்தக்க பாரத்துக்கு மேல் பாரம் ஏற்றலாகாது. மின்கம்பி, குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். புரியுதா? என் தளம் உன் தண்ணியத் தாங்காது. இன்னைக்கே கொட்டிடு."

"எங்க கொட்டறது?"

"சாக்கடையிலதான்."

கெருபோ அவர் கையிலிருந்த தாளைக் காட்டினாள். "கழிவுநீர்க் குழாய்னும் இப்பத்தானே வாசிச்சீங்க? இத்தனையையும் ஒரே நாள்ல கொட்டினா அதுக்குப் பாரமாகாதா?"

கூட வந்திருந்த காவல்காரர் சிமியு தொண்டையைச் செருமினார். "அது நெசந்தான் பெரியவரே. போன தடவை டேங்கைக் கழுவி விட்டப்ப கீழ்வீட்டு அடுப்படியில பொங்கிச்சே. நீங்கதான் குடியிருந்தவங்களுக்கு அபராதம் போட்டீங்க."

கச்சாஞ்சா ஒப்பந்தத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த ஒப்பந்தத்தின் பிறப்பைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு வங்கிக்கிளை நகரத்தில் பெரிய கட்டடத்தை வாடகைக்கு எடுத்தபோது எழுதிய ஒப்பந்தம் அது. அங்கே கடைநிலை ஊழியராக இருந்த மைத்துனர் ஒரு நகல் கொண்டுவந்து கொடுத்தார். வக்கீல் செலவு மிச்சம். தட்டச்சுக் கடையில் 'வங்கி' என்ற இடத்திலெல்லாம் 'குடியிருப்பவர்' என்று மாற்றச் சொன்னார் கச்சாஞ்சா. கடைக்காரப் பெண்ணும் மாற்றினாள். அதன் விளைவாக கச்சாஞ்சா மாளிகையில் ஓர் அறையும் சமையலறையுமாகக் குடியிருக்கிற எவரும் அனுமதியில்லாமல் இரும்புப் பெட்டகமோ பில்லியர்ட்ஸ் மேசையோ வைக்கக் கூடாது. வாடிக்கையாளர்களின் தங்கத்துக்கும் அவர்களே பொறுப்பு.

அந்த மாளிகைக்கு மாநகராட்சி அனுமதித்தது நாலு மாடி. நிற்பது ஐந்து. கச்சாஞ்சா ஆசைப்பட்டது ஆறு.

ஆசைக்குக் காரணம் எதிர்வீட்டு முரேதி. தெரு அவ்வளவு குறுகல், இந்தப் பக்கத்துப் பால்கனியிலிருந்து அந்தப் பக்கத்துப் பால்கனிக்கு உப்புக் கிண்ணத்தைக் கையாலேயே கொடுத்து வாங்கலாம். கச்சாஞ்சாவின் மனைவி நியாக்கியோவும் முரேதியின் மனைவியும் ஒரே சீட்டுக் குழுவில் இருந்ததால் தினமும் கொடுத்து வாங்கவும் செய்தார்கள். ஆனால் முரேதி ஆறு மாடி எழுப்பிவிட்டான். அன்றிலிருந்து கச்சாஞ்சா வீட்டுத் துணி காய்வதில்லை. அதைவிட, முரேதி ஒவ்வொரு காலையும் பல் துலக்கிக்கொண்டே மேலிருந்து கீழே பார்ப்பதை அவரால் தாங்க முடியவில்லை. வாசலில் 'ஆறாம் மாடி வாடகைக்கு விடப்படும்' என்று பலகையே மாட்டிவிட்டார். மாடிதான் இன்னும் வரவில்லை.

நியாக்கியோ ஒரே ஒரு தடவைதான் மறுத்துப் பேசினாள்.

"வைதேரா அப்பா, அஞ்சாவது மாடி ஏத்தினதிலிருந்து நம்ம படுக்கையறைக் கதவு சாத்த மாட்டேங்குது."

"தச்சனைக் கூப்பிட்டுச் சீவச் சொல்லு."

"எத்தனை தடவைதான் சீவறது? கீழ பூனை நுழையிற அளவுக்குச் சீவியாச்சு. சுவர்ல விரிசல் வேற."

"அது சுண்ணாம்புல வர்ற விரிசல்."

"பின்தெருவுல போன மழைக்கு ஒரு கட்டடம் உட்கார்ந்துச்சே, அங்கயும் சுண்ணாம்பு விரிசல்னுதான் சொன்னாங்க. என் சட்டையெல்லாம் தைச்சுக் குடுத்த பொண்ணு அதுக்குள்ள இருந்தா. எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் வரல."

"அந்த ஆள் சிமென்ட்ல கஞ்சத்தனம் பண்ணினான். நான் கஞ்சனா?"

இதற்கு எந்த மனைவியும் பதில் சொல்வதில்லை. நியாக்கியோவும் சொல்லவில்லை. அன்றோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். ஒரு வழியாகப் புரிந்துகொண்டாள் என்று கச்சாஞ்சா மகிழ்ந்தார். வாயில்லாப் பூச்சி என்று அவளைப் பற்றிச் சபையில் பெருமையாகவும் சொல்லிக்கொள்வார்.

கட்டட ஒப்பந்தக்காரர் முலிங்கே முதல்முறை அளவெடுக்க வந்தபோது கச்சாஞ்சா ஊரில் இல்லை. நியாக்கியோதான் மேலே கூட்டிப்போய்க் காட்டி, தேநீரும் சப்பாத்தியும் கொடுத்து அனுப்பினாள். இரண்டாம் முறை அவர் ஒப்பந்தத் தாள்களோடு வந்தார். கச்சாஞ்சா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். பதினோராவது விதிக்கு வந்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"இதென்ன? வேலை தொடங்குமுன் கட்டடத்தின் எந்த வீட்டிலும் குடியிருப்புக்குரிய அளவுக்கு மேல் பாரமோ மின்சுமையோ இருத்தலாகாது. ஆய்வின்போது ஒரு வீட்டில் இருப்பினும் ஒப்பந்தம் ரத்து, முன்பணம் திருப்பித் தரப்படமாட்டாது... அட! நம்ம பத்தொன்பதாவது விதியோட தம்பி மாதிரி இருக்கே!"

"பிடிக்கலைன்னா எடுத்துடறேன் சார்" என்றார் முலிங்கே, சப்பாத்தியைப் பார்த்தபடி.

"எடுக்கறதா? இப்படி ஒரு விதியை எழுதத் தெரிஞ்ச ஆளைத்தான் நான் தேடிட்டிருந்தேன்!"

கையெழுத்துப் போட்டு முன்பணமும் கொடுத்தார். சனிக்கிழமை ஆய்வு என்று முடிவாயிற்று. விதிகள் எப்போதும் அடுத்தவருக்குத்தான் என்பது அவருடைய அனுபவம். அந்த அனுபவம் அதுவரை அவரைக் கைவிட்டதில்லை.

ஆகவேதான் திங்கட்கிழமை கெருபோவின் குளியலறையில் நுழைந்து, மூக்குடைபட்டு வீடு திரும்பினார்.

"கொட்டவும் முடியாது, வச்சிருக்கவும் விடமுடியாது. வாசல்ல இறக்கிடலாமா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

நியாக்கியோ கீரை நறுக்கிக்கொண்டிருந்தாள். "வாசல்ல வச்சா விடியறப்ப டிரம் இருக்காதே" என்றாள், கீரையிடம் சொல்வதுபோல. "இருபதாவது விதியில, பாரம்னு பறிமுதல் பண்ணின பொருளை வீட்டுக்காரரே பத்திரமா வச்சிருக்கணும்னு இருக்குல்ல. நம்ம முன்னறை சும்மாத்தான் கிடக்கு."

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார் கச்சாஞ்சா.

டிரம்கள் முதல் மாடியிலிருந்து கச்சாஞ்சா குடியிருந்த மூன்றாம் மாடிக்கு ஏறின. தண்ணீரை வாளி வாளியாகச் சுமந்து மறுபடி நிரப்பினார் சிமியு. "தண்ணியோட எடுத்தீங்க, தண்ணியோட வைக்கணும்" என்று படிக்கட்டில் நின்று மேற்பார்வை பார்த்தாள் கெருபோ. முதல் மாடி லேசாகிவிட்டது என்று கச்சாஞ்சா கைகளைத் தட்டிக்கொண்டார். பாரம் போன இடம் தன் வீடு என்பது அவருக்கு உறைக்கவில்லை. அது குடியிருப்பவர் வீடு அல்லவே.

அடுத்தது இரண்டாம் மாடி கிபெட். காலிப் பெயின்ட் டப்பாக்களில் சிமென்ட் ஊற்றி, நடுவில் இரும்புக் குழாய் செருகி, எடை தூக்கும் சாமான்களைத் தானே செய்துகொண்ட பையன். அறையில் கட்டில் இல்லை. டப்பாக்கள் படுத்திருந்தன, அவன் நின்றுகொண்டிருந்தான்.

"விதி பத்தொன்பது" என்று ஆரம்பித்தார் கச்சாஞ்சா.

"அதுல பில்லியர்ட்ஸ் மேசைன்னுதானே பெரியவரே இருக்கு? என்கிட்ட மேசையே கிடையாது."

"உன் சிமென்ட்டைச் சேர்த்தா நான் இன்னொரு தூண் எழுப்பலாம்டா!"

"எழுப்புங்க. இந்தக் கட்டடத்துக்குத் தேவைதான்."

பையனின் வாயை அடைக்க முடியாவிட்டாலும் டப்பாக்களைப் பறிமுதல் செய்ய முடிந்தது. கிபெட்டே அவற்றைத் தோளில் வைத்து, விசிலடித்துக்கொண்டே மூன்றாம் மாடிக்குக் கொண்டுவந்தான். இவ்வளவு சந்தோஷமாகப் பொருளைப் பறிகொடுப்பவனை கச்சாஞ்சா பார்த்ததில்லை. விதியின் மகிமை என்று எடுத்துக்கொண்டார்.

விடிந்ததும் கதவு தட்டப்பட்டது. பனியனும் அரைக்கால் சட்டையுமாக கிபெட் நின்றான்.

"என்ன?"

"இருபத்தொன்னாவது விதி பெரியவரே. பொருளுக்குச் சொந்தக்காரர் நியாயமான நேரத்தில் வந்து பொருளைப் பரிசோதிக்கலாம். பரிசோதிக்க வந்தேன்."

பரிசோதனை என்றால், ஒவ்வொன்றையும் தலைக்குமேல் தூக்கிப் பார்த்துத் தொப்பென்று கீழே வைப்பது. தரை அதிர்ந்தது. டிரம்மில் தண்ணீர் அலையடித்தது. சுவரில் மாட்டியிருந்த கச்சாஞ்சாவின் கல்யாணப் படம் ஒருபக்கமாகச் சாய்ந்தது. அதை அவர் நேராக்கி முடித்தபோது கெருபோ குடத்தோடு வந்தாள்.

"பரிசோதிக்க வந்தேன்" என்றாள் அவளும்.

அவள் பின்னால் அவள் பக்கத்து வீட்டுக்காரி, அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். இவர்களுடைய டிரம் எதுவும் இங்கே இல்லையே என்று கச்சாஞ்சா கத்தினார். "நாங்க தினமும் கெருபோகிட்டதான் கடன் வாங்குவோம். அவ தண்ணி இங்க இருந்தா நாங்களும் இங்கதானே வரணும்?" என்றார்கள். நியாக்கியோ யாரையும் திருப்பி அனுப்பவில்லை. ஒரு குடம் கேட்டவளுக்கு இரண்டு குடம் முகந்து கொடுத்தாள். முன்னறை சேறாகி, வாசல்வரை ஈரக் கால்தடம் பதிந்தது.

"எனக்கென்னமோ பாவம்னு தோணுது" என்றாள்.

"உனக்கு எல்லாரும் பாவம்தான்" என்று அலுத்துக்கொண்டார் கச்சாஞ்சா.

புதன்கிழமை சாயங்காலம் மின்சாரம் போனது. போட்டால் வருவதும், வந்தால் போவதுமாக இருந்தது. சிமியு கம்பியைத் தொடர்ந்து போய் மாடிப்படி விளக்கில் முடிச்சைப் பிடித்தார். அங்கிருந்து ஒரு ஒயர் நாலாம் மாடிக்குள் நழுவிப் போயிருந்தது. அது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒடியேரோவின் வீடு. உள்ளே மரப்பெட்டி ஒன்று மஞ்சள் வெளிச்சத்தோடு உறுமிக்கொண்டிருந்தது. பெட்டி நிறைய முட்டை.

கச்சாஞ்சா ஒயரைப் பிடுங்கக் கையை நீட்டினார்.

"பிடுங்குங்க" என்றார் ஒடியேரோ அமைதியாக. முப்பது வருஷம் பிள்ளைகளை மிரட்டிய குரல் அது. "சனிக்கிழமை பொரியப்போகுது. உள்ள குஞ்சு அசையுது, காதை வச்சுக் கேளுங்க. இப்பச் சூடு நின்னா அத்தனை உயிரும் உங்க கணக்குல. நாளைக்கு ஞாயித்துக்கிழமை சபையில நீங்கதானே ஜெபம் பண்ணணும் மூப்பரே?"

"நாளைக்கு வியாழக்கிழமை" என்றார் கச்சாஞ்சா. ஆனால் கை பின்வாங்கிவிட்டது.

விதி பத்தொன்பதைக் காப்பாற்ற வேண்டும். குஞ்சுகளையும் காப்பாற்ற வேண்டும். முட்டைப்பெட்டி எரியும் விளக்கோடு மூன்றாம் மாடிக்கு ஊர்வலமாக வந்தது. முன்னறையில் இடமில்லை.

"படுக்கையறையில வச்சா சூடு நிக்கும்" என்றாள் நியாக்கியோ.

"அங்க நான் எங்க படுக்கறது?"

"உயிர் முக்கியமா, தூக்கம் முக்கியமா?"

மூப்பர் என்ன சொல்ல முடியும்? பெட்டி படுக்கையறைக்குப் போனது. அது உறுமும்போது மின்சார வெந்நீர்க் குழாயைத் திறந்தால் விளக்கு அணைந்தது. விளக்கைப் போட்டால் தொலைக்காட்சி செத்தது. கச்சாஞ்சா இரண்டு நாள் நைரோபியின் ஜூலைக் குளிரில் பச்சைத் தண்ணீரில் குளித்தார், அதுவும் கெருபோவிடம் ஒரு குடம் கேட்டு வாங்கி. வெள்ளிக்கிழமை காலை ஒரே நேரத்தில் கிபெட் தூக்க, கெருபோ முகக்க, ஒடியேரோ முட்டைகளைத் திருப்பிவைக்க என்று வந்தார்கள். மூவரும் 'பரிசோதிக்க வந்தேன்' என்றார்கள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது போதாதென்று, பூதங்கள் தினமும் கதவைத் தட்டிக்கொண்டு வந்தன. போர்வையைச் சுற்றிக்கொண்டு ஒரு மூலையில் நின்ற கச்சாஞ்சாவுக்கு, இந்த வீட்டில் தனக்கு எந்த விதிப்படி இடம் என்பது மறந்துபோனது.

ஆனால் மற்ற வீடுகள் எல்லாம் சுத்தம். அதை நினைத்துத்தான் பல்லைக் கடித்துக்கொண்டார். நாளைக்கு முலிங்கே வந்து பார்த்துவிட்டால் போதும். திங்கட்கிழமை கம்பி வந்து இறங்கும். மழைக்கு முன் ஆறாம் மாடி. அப்புறம் அவரும் பல் துலக்கிக்கொண்டே முரேதியை நேருக்கு நேர் பார்ப்பார்.

"நாளைக்கு முலிங்கே வர்றப்ப முன்னறை இப்படியேவா இருக்கும்?" என்று கேட்டாள் நியாக்கியோ.

கச்சாஞ்சாவுக்குத் திக்கென்றது. "இது நம்ம வீடாச்சே. நம்ம வீட்டையுமா பார்ப்பான்?"

"தேநீர் குடிக்க உட்காருவாரே. எல்லாத்தையும் படுக்கையறையில தள்ளிக் கதவைச் சாத்திட்டா?"

"கதவு எங்க சாத்துது?"

"நீங்க ஒரு தள்ளு தள்ளினா சாத்தாமலா போகும்?"

தன் தோள்மேல் மனைவிக்கு இன்னும் இவ்வளவு நம்பிக்கை இருக்கிறதே என்று கச்சாஞ்சாவுக்கு நெகிழ்ந்துவிட்டது. கிபெட்டும் சிமியுவும் டிரம்களையும் டப்பாக்களையும் உள்ளே உருட்டினார்கள். டிரம்களில் பாதித் தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது. மீதியை எடுத்துக்கொண்டுபோகும்படி நியாக்கியோ அன்று சாயங்காலம் பெண்களுக்குச் சொல்லி அனுப்பினாள். வெறும் டிரம்தான் என்றாலும் கூரை தொடும்வரை அடுக்கியபோது அறைக்கு ஒரு கிடங்கின் களை வந்துவிட்டது.

சனிக்கிழமை விடிந்தபோது முட்டைகள் பேசத் தொடங்கின.

முதலில் ஒன்று. பிறகு பத்து. முலிங்கே கீழே கேட்டைத் தாண்டும்போது பெட்டி முழுவதும் கீச்சுக்கீச்சு என்று கூட்டம் போட்டது. "சத்தம் படிக்கட்டு வரைக்கும் கேக்குது பெரியவரே!" என்று ஓடிவந்தார் சிமியு. கச்சாஞ்சா படுக்கையறைக்குள் பாய்ந்து, பெட்டிமேல் போர்வையைப் போட்டு, சத்தம் வெளியே போகாமலிருக்கக் கதவை உள்ளிருந்து சாத்தினார். சாத்தவில்லை. தோளைக் கொடுத்தார். சாத்தவில்லை. இரண்டடி பின்னால் போய், ஆறாம் மாடியை மனதில் நினைத்துக்கொண்டு, ஒரு மோது மோதினார்.

சாத்திக்கொண்டது.

நாலு நாள் ஈரத்தில் ஊறி உப்பிய கதவு, சாய்ந்துபோன நிலைக்குள் ஆப்பு மாதிரி இறங்கிவிட்டது. அது அப்புறம் எந்தத் தோளுக்கும் திறப்பதாக இல்லை. மோதிய அதிர்வில் முட்டைப்பெட்டியின் மூடிதான் திறந்துகொண்டது.

முலிங்கே முதல் மாடி பார்த்தார். "அருமை" என்றார். இரண்டாம் மாடி. "காத்து மாதிரி இருக்கு" என்றார். நாலாம் மாடி, ஐந்தாம் மாடி, மாடிப்படி விளக்கு, மின்பெட்டி எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்தார். கதவிடுக்கில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த கச்சாஞ்சாவுக்கு நெஞ்சு பூரித்தது.

கடைசியில் காலடிச் சத்தம் முன்னறைக்கு வந்தது.

"இந்தக் கதவு?"

"அது எங்க படுக்கையறை. கதவு சிக்கிக்கிச்சு" என்றாள் நியாக்கியோ.

"பரவாயில்ல, தனிப்பட்ட அறை. பார்க்க வேண்டாம்" என்றார் முலிங்கே. கச்சாஞ்சா கண்ணை மூடி ஆண்டவருக்கு நன்றி சொன்னார். கண்ணைத் திறந்தபோது, தச்சன் பலமுறை சீவிய கதவடி இடைவெளி வழியாக ஒரு மஞ்சள் குஞ்சு, பரிசோதனைக்குப் போவதுபோல வெளியே போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் இன்னொன்று.

"இது யாரு?" என்றார் முலிங்கே.

"சுண்டெலி!" என்று உள்ளிருந்து கத்தினார் கச்சாஞ்சா.

"உள்ள யாரு?"

முலிங்கே கதவைத் தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை. ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டார். தெருப்பக்கம் என்றார் சிமியு, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் தன் கெட்ட பழக்கத்தின்படி. எதிர்வீட்டுப் பால்கனியிலிருந்து பார்த்தால் சாப்பாட்டுத் தட்டில் என்ன இருக்கிறது என்பது வரைக்கும் தெரியும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

சிறிது நேரத்தில் முரேதியின் மூன்றாம் மாடிப் பால்கனியில் முலிங்கே தெரிந்தார். முரேதியின் மனைவி அவருக்கு நாற்காலி போட்டாள். முரேதியும் வந்தான், வாயில் பல்துலக்கியோடு. இத்தனை நாள் மேலிருந்து பார்த்தவன் இப்போது அதற்காகவே கீழே இறங்கி வந்திருந்தான். கைக்கெட்டும் தூரத்தில், ஜன்னல் கம்பிக்கு இந்தப் பக்கம், நீல டிரம்களுக்கும் சிமென்ட் டப்பாக்களுக்கும் நடுவில், தலையில் ஒரு கோழிக்குஞ்சோடு நின்றார் கச்சாஞ்சா.

"சார்" என்றார் முலிங்கே வருத்தமாக. "கட்டடம் முழுக்கச் சுத்தமா இருக்கு. ஒரே ஒரு வீட்டுலதான் பாரம். உங்க வீட்டுல."

"இதெல்லாம் என்னோடது இல்ல!"

"பாரம் யாரோடதுன்னு விதியில இல்ல சார். எங்க இருக்குன்னுதான்."

"நான் வீட்டுக்காரன்! இந்த விதியெல்லாம் குடியிருக்கறவங்களுக்கு!"

"ராத்திரி அங்கதானே படுக்கறீங்க? அப்ப நீங்களும் குடியிருக்கறவர்தான்."

முரேதி பல்துலக்கியை வாயிலிருந்து எடுத்தான். என்னவோ சொல்லப்போகிறான் என்று கச்சாஞ்சா பயந்தார். அவன் சொல்லவில்லை. சிரித்து முடித்து மறுபடி துலக்க ஆரம்பித்தான்.

"அந்த விதியை அடிச்சிடலாம் முலிங்கே. புதுசா எழுதலாம்" என்று கெஞ்சினார் கச்சாஞ்சா.

"நீங்கதானே சார் எடுக்கக் கூடாதுன்னீங்க? அதுபோக, உங்க ஜன்னலுக்குக் கீழ ஒரு விரிசல் போகுது. இங்கிருந்து பார்த்தாத்தான் தெரியுது. அது சுண்ணாம்பு விரிசல் இல்ல. இதுக்கு மேல நான் ஒரு செங்கல்லும் வைக்க மாட்டேன், வேற எவனையும் வைக்க விடாதீங்க. அஞ்சாவது மாடியில இருக்கறவங்களுக்கும் கீழ வேற இடம் பாருங்க." அதைச் சொல்லும்போது அவர் குரலில் விளையாட்டு இல்லை.

ஆறாம் மாடி அதோடு முடிந்தது. முன்பணமும் முடிந்தது. வாசல் பலகையைச் சிமியு கழற்றும் சத்தம் கேட்டது. யாரும் அவரிடம் கழற்றச் சொன்னதாகத் தெரியவில்லை.

தச்சனுக்கு ஆள் போயிருந்தது. கச்சாஞ்சா குஞ்சுகளுக்கு மத்தியில் தரையில் உட்கார்ந்தார். சொந்தக் காசிலேயே சூனியம் வைத்துக்கொண்டாயிற்று. இந்த உலகத்தில் தன் பக்கம் நிற்பதற்கு ஒருத்தியாவது இருக்கிறாள் என்று நினைத்துத் தேற்றிக்கொண்டார். பாவம், இந்தக் கலவரத்தில் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கதவுக்கு வெளியே சப்பாத்தி வாசனை வந்தது. அவர் கன்னத்தைத் தரையில் வைத்து இடைவெளி வழியாகப் பார்த்தார். நியாக்கியோவின் செருப்புகள் தெரிந்தன. அவற்றுக்கு எதிரில் முலிங்கேயின் தூசி படிந்த பூட்ஸ் வந்து நின்றது. தேநீரை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு முலிங்கே பேசினார்.

"வைதேரா அம்மா, நீங்க எழுதச் சொன்ன அந்தப் பதினோராவது விதியை எதிர்வீட்டம்மாவும் கேக்கறாங்க, முரேதி ஏழாவது மாடிக்குக் கூப்பிட்டிருக்காராம். குடுத்துடட்டுமா?"